தூங்கி எழுந்ததும் உயரம் கூடிய கடிகாரம்

வணக்கம் நண்பரே. ஊட்டி விடுதியில் இரவு பத்து மணிக்கு 2,240 மீட்டர் உயரம் காட்டிய கைக்கடிகாரம் விடியற்காலை நாலு மணிக்கு 2,260 காட்டுகிறது, மாற்றித் தருவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம், அது பழுதில்லை.

அந்தக் கடிகாரத்துக்கு உயரமே தெரியாது. காற்றழுத்தம் மட்டும்தான் தெரியும். அழுத்தம் குறைந்தால் நீங்கள் மேலே ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். நம் பக்கம் காற்றழுத்தம் காலை, இரவு பத்து மணியை ஒட்டி ஏறும். அதிகாலை, மாலை நாலு மணியை ஒட்டி இறங்கும். ஊட்டி உயரத்தில் அழுத்தம் ஒரு மில்லிபார் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் கிட்டத்தட்ட பத்து மீட்டர் கூடுதலாகக் காட்டும். இரண்டு மில்லிபார் இறங்கியிருக்கும், கணக்கு சரியாகிவிட்டதா? புயல் சின்னம் நெருங்கினால் இன்னும் மோசமாகும்.

நடக்கக் கிளம்புமுன் உயரம் தெரிந்த இடத்தில் சரிசெய்துகொள்ளுங்கள். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். அங்கே போனால் மறுபடி ஒருமுறை. அப்புறம், ஓரத்தில் இருக்கும் சென்சார் துளையில் வியர்வை உப்பு, சன்ஸ்கிரீன் அடைத்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். ஊசியை மட்டும் உள்ளே விட்டுவிடாதீர்கள்.