மக்குத் தொட்டியில் புழு, மின்விசிறியில் மிச்சம்: சில கேள்விகள்

சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டே சமையலறைக் கழிவை உரமாக்குகிறேன் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, மக்குத் தொட்டியில் புழு நெளிகிறது. நாற்றம் வேறு. மாமியார் தூக்கி எறியச் சொல்கிறார். என்ன செய்ய?

எறிய வேண்டாம். நாற்றத்துக்குக் காரணம் ஈரம் கூடிப்போனதும் காற்று போகாததும்தான். காய்கறித் தோலில் பெரும்பகுதி தண்ணீர். அதை மட்டும் கொட்டிக்கொண்டே போனால் அடியில் அழுகத்தான் செய்யும். ஒரு பங்கு தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலையோ தென்னை நார்த்தூளோ போட்டு, வாரம் ஒருமுறை அடிவரை கிளறிவிடுங்கள்.

பதம் பார்க்க ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் நார்த்தூள் போதவில்லை. கையைத் திறந்ததுமே பொலபொலவென்று உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம். பிடித்த பிடியாக நின்று, உள்ளங்கை மட்டும் ஈரமானால் சரி.

புழு பழுப்பு நிறத்தில் தடித்து, பட்டை பட்டையாக இருந்தால் அது பெரும்பாலும் கறுப்புப் படைவீரர் ஈயின் புழு. கடிக்காது, உங்கள் வேலையைத்தான் வேகமாகச் செய்து கொடுக்கிறது. மேலே இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலையைப் பரப்பி மூடினால் கண்ணில் படாது, மாமியாரும் சமாதானமாகிவிடுவார்.

மிஞ்சிய சாம்பார் சாதம், மீன் முள்?

சின்னத் தொட்டியில் வேண்டாம், எலி வரும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடலாம். எலுமிச்சைத் தோல் கொஞ்சம் போனால் ஒன்றும் ஆகாது.

கடையில் ‘மக்கும் பை’ தருகிறார்கள். அதைத் தொட்டியில் போடலாமா?

போட்டால் அடுத்த வருடமும் அது அங்கேயே கிடக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பைகளில் பல, 60 டிகிரி அளவுக்குச் சூடேறும் பெரிய உரக்கிடங்குகளுக்கென்று செய்தவை. நம் தொட்டி அவ்வளவு சூடாகாது.

அப்படியென்றால் துணிப்பை வாங்கிவிடவா?

எதற்கு? கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகள் பீரோவில் எத்தனை இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். பருத்தி விளைய ஏகப்பட்ட தண்ணீர் வேண்டும். புதுப்பையாக வாங்கி அடுக்கினால் அது வேறு விதமான விரயம். இருப்பதில் இரண்டை வண்டி சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. ஆனாலும் பை வீட்டில் தூங்கினால், கடைக்காரர் நீட்டுவதைத்தான் வாங்குவோம்.

கறி, மீன், இட்லி மாவுக்குத் தூக்கோ சம்படமோ கொண்டுபோங்கள். காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து எடையைச் சைபராக்கிவிட்டு, அப்புறம் போடச் சொல்லுங்கள். முதல் தடவை கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பழகிவிடும்.

கரண்ட் பில்லைக் குறைக்க எதை முதலில் மாற்றலாம் சார்? (பலரும் அக்கா என்கிறார்கள், இவர் சார் என்கிறார். பரவாயில்லை.)

நாள் முழுக்க ஓடும் மின்விசிறியை. பழையது சுமார் 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. விசிறி (மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் புதுவகை மோட்டார் வைத்தது) 30 வாட்டுக்குப் பக்கம். தினம் 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் ஒரு விசிறிக்கே ஏறத்தாழ 40 யூனிட் மிச்சம். 500 யூனிட்டை ஒட்டி ஓடும் வீடுகளுக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் அதைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். எப்போதாவது போடும் அறை விசிறியை மாற்றாதீர்கள், போட்ட காசு வராது. ஏ.சி.யை 26-இல் வைத்து விசிறியையும் மெதுவாகச் சுற்றவிடுங்கள்.

குடிதண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?

உப்பைப் பொறுத்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வெளியேறும் தண்ணீர் 1000-த்தைத் தாண்டினால் தொட்டிச் செடிக்கு வேண்டாம். மண்ணில் உப்புப் படிந்து இலை நுனி கருகும். வீடு துடைக்க, கழிவறைக்கு ஊற்ற வாளியில் பிடித்து வையுங்கள். அதே மீட்டரைக் குழாய்த் தண்ணீரிலும் வைத்துப் பாருங்கள். 500-க்குக் கீழே காட்டினால் உப்புக்காக ஆர்.ஓ. தேவையே இல்லை, காய்ச்சி வடிகட்டினால் கிருமிக்கும் கவலையில்லை.