தாத்தாவின் பயின் கல்லை அறுக்கலாமா?

கேள்வி: தாத்தா வட பர்மாவின் மிச்சினா ஊரில் கடை வைத்திருந்தவர். அவர் விட்டுப்போன தேன் நிறப் பயின் கல்லுக்குள் ஒரு பூச்சி இருக்கிறது. இரண்டாக அறுத்து என் இரண்டு பெண்களுக்கும் டாலர் செய்து தருகிறேன் என்கிறார் ஆசாரி. கல் அசல்தானா? அறுக்கலாமா? – யாங்கோன் வாசகி

அம்மா, முதலில் ஆசாரியை ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள்.

பர்மியர் பயின் என்பதும் நாம் அம்பர் என்பதும் ஒன்றே, கல்லாக இறுகிய மரப்பிசின். (பழந்தமிழிலும் பயின் என்றால் பிசின்தான்!) ஒரு டம்ளர் வெந்நீரில் இனிமேல் கரையாது என்னும்வரை உப்பைப் போட்டுக் கலக்கி, நன்றாக ஆறியபின் கல்லை விடுங்கள். மூழ்கினால் கண்ணாடியோ, பேக்லைட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கோ. மிதந்தாலும் அவசரப்படாதீர்கள், வேறு சில பிளாஸ்டிக்குகள் மிதக்கும். கல்லாக முற்றாத, நம் குங்கிலியம் போன்ற இளம்பிசினும் மிதக்கும். கண்ணில் படாத மூலையில் நகப்பூச்சு அழிக்கும் திரவம் ஒரு சொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அசல் அம்பர் இல்லை. ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம், வடு போகாது.

எனக்கு இவற்றைவிடப் பூச்சியின் கிடப்பில்தான் நம்பிக்கை. போலியில் பெரிய பூச்சி, நட்டநடுவில், படம் வரைந்தாற்போல் சிறகு விரித்துக் கிடக்கும். அசலில் பெரும்பாலும் சிறியது, கோணலாக, சிறகு மடங்கி, கால் முறுக்கி. ஒட்டிக்கொண்ட பிசினில் உயிருக்குத் திமிறியது அல்லவா!

அசல் என்றால் அறுக்காதீர்கள். 2015இல் மிச்சினா சந்தையில், செடி என்று நினைத்து நகைக்காகப் பட்டை தீட்டிய ஒரு துண்டு விற்பனைக்கு இருந்தது. உள்ளே இருந்தது இறகோடு கூடிய குட்டி டைனோசரின் வால். பக்கத்தில் ஒரு எறும்பு! ஒரு பக்கம் ஏற்கனவே தேய்ந்து போயிருந்தது.

மிச்சினா இருக்கும் கச்சின் பகுதியின் ஹூகாங் பள்ளத்தாக்கு அம்பருக்கு ஏறக்குறைய 9.9 கோடி வயது. அம்பர் இருந்த பாறையின் எரிமலைச் சாம்பலில் உள்ள சிர்கான் என்ற கனிமத்தின் மணிகளை வைத்துக் கணக்கிட்டது அது. அம்பருக்குள் அம்மோனைட் என்ற, அழிந்துபோன கடல்வாழ் உயிரின் ஓடுகூடக் கிடைத்திருக்கிறது. பிசின் வடித்த காடு கரையோரம் இருந்தது என்று அதிலிருந்து தெரிகிறது. கொசு வயிற்று ரத்தத்திலிருந்து டைனோசரை எழுப்பும் கதை மட்டும் நடக்காது, டி.என்.ஏ. அவ்வளவு காலம் தாங்காது.

டாலர் வேண்டுமென்றால் துளை போடாமல் வெள்ளிக் கம்பி கட்டச் சொல்லுங்கள். அதற்கு முன், அளவு தெரிய, கல்லின் அருகே ஒரு அரிசியை வைத்து எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள்.