நீக்கிய வைரஸ் ஏன் திரும்ப வருகிறது?

கேள்வி: இலவசமாகக் கிடைத்ததே என்று ஒரு வீடியோ எடிட்டிங் மென்பொருளின் கிராக் கோப்பை (காசு கட்டாமல் ஓட வைக்கும் திருட்டுக் கோப்பு) இறக்கி ஓடவிட்டேன். அன்றிலிருந்து பிரவுசரில் தேடல் பக்கம் தானாக மாறுகிறது. 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று மூலையில் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. விண்டோஸ் டிஃபெண்டரில் ஸ்கேன் செய்து நீக்கினாலும், கணினியை மறுபடி போட்டால் எல்லாம் திரும்ப வந்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: ஸ்கேன் இருக்கட்டும், முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். கிராக் கோப்புகளோடு வருபவற்றில் பல, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் (நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்திருப்பதைத் தளத்துக்குச் சொல்லும் சிறு பதிவுகள்) திருடி அனுப்பவே எழுதப்பட்டவை. எனக்கு உங்கள் தேடல் பக்கத்தைவிட இதுதான் கவலை. குக்கீ திருட்டுப் போய்விட்டால், பாஸ்வேர்டே தெரியாமல் ஒருவர் உங்கள் கணக்குக்குள் நுழையலாம். அதனால் வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கி என்ற வரிசையில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்ற வசதி இருந்தால் அதையும் அழுத்துங்கள். இதைப் பாதிக்கப்பட்ட கணினியிலேயே செய்தால், புதுப் பாஸ்வேர்டும் அவர்கள் கைக்குப் போகலாம்.

சரி, இப்போது கணினிக்கு வருவோம். அந்த மூலை அறிவிப்பு பெரும்பாலும் வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளம் கேட்டபோது 'அனுமதி' என்று அழுத்தியிருப்பீர்கள். பிரவுசரின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும். அறிவிப்பில் வரும் 'வைரஸ் நீக்கி' எதையும் இறக்க வேண்டாம்.

தேடல் பக்கத்தை மாற்றுவது பொதுவாக ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சிறு துணை நிரல். நீங்களாக நிறுவாத எதுவாக இருந்தாலும் தூக்கிவிடுங்கள். தூக்கிய பிறகும் வந்தால் பிரவுசரின் அமைப்புகளைக் கணக்கில் சேமித்து வைக்கும் சிங்க் வசதியைப் பாருங்கள். கணக்கில் பதிவான எக்ஸ்டென்ஷனை அதுவே திரும்ப இறக்கித் தரலாம். பலர் கவனிக்காத இடம் இது. இன்னொன்று, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர். கணினி தொடங்கும்போதெல்லாம் தீம்பொருளை (மால்வேர்) மறுபடி நிறுவும் பணி அங்கே பதுங்கியிருக்கலாம். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலையும் பாருங்கள்.

டிஃபெண்டர் கண்டுகொள்ளாமல் போவதற்கும் காரணம் உண்டு. சில தீம்பொருட்கள் தங்கள் ஃபோல்டரை அதன் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலில் சேர்த்துவிடும். அங்கே இருப்பதை டிஃபெண்டர் தொடாது. நீங்கள் சேர்க்காதது எதுவும் அங்கே இருந்தால் அழியுங்கள். அப்புறம் கணினியை இணையத்தில் இணைத்து டிஃபெண்டரை அப்டேட் செய்துவிட்டு, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, வழக்கமான விண்டோஸ் ஏறாமலேயே தேடும். ஓடிக்கொண்டிருக்கும் தீம்பொருள் தன்னை மறைத்துக்கொள்ளும். ஓடாதபோது அது முடியாது. சுமார் 15 நிமிடம் ஆகும். திறந்திருக்கும் வேலைகளை முதலில் சேமித்துவிடுங்கள்.

இதற்குப் பிறகும் ஒரே ஒரு அறிகுறி மிஞ்சினாலும் துடைப்பதை நிறுத்திவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள் என்றே சொல்வேன். 'ரீசெட் திஸ் பிசி'யில் 'ரிமூவ் எவ்ரிதிங்', அடுத்து 'கிளவுட் டவுன்லோட்' (விண்டோஸை மைக்ரோசாஃப்டிடமிருந்து புதிதாக இறக்குவது). அதற்கு முன் படங்கள், ஆவணங்களை மட்டும் வெளி டிரைவில் எடுத்து வையுங்கள். இன்ஸ்டாலர் கோப்பு ஒன்றுகூட வேண்டாம், அந்தக் கிராக் கோப்பு இருக்கும் ஃபோல்டரைத் தொடவே வேண்டாம். புது விண்டோஸில் அந்த டிரைவைச் செருகியதும் முதல் வேலையாக அதை ஸ்கேன் செய்யுங்கள்.