டின் மீனுக்குள் இருக்கும் கடல்

மட்டக்களப்பு, அம்பாறைப் பாடசாலைகளுக்கு ஐஸ் பெட்டியும் கையுமாகப் போய்க் குளிர்கடல் உயிர்களைப் பற்றி வகுப்பு எடுப்பதாகப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சில இங்கே.

டீச்சர், எங்கட கடல் வருசம் முழுக்கச் சூடு. பாசிக்குடாவில் முருகைக்கல் செத்துக்கொண்டு கிடக்கு. அதை விட்டுட்டு எங்கேயோ இருக்கிற குளிர்கடலைப் பிள்ளைகளுக்கு ஏன் சொல்றீங்க? (வாசகர், வாழைச்சேனை)

கோபம் நியாயம்தான், அண்ணன். ஆனால் அந்த "எங்கேயோ" என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. வீட்டில் டின் மீன் இருந்தால் எடுத்து லேபிளைப் பாருங்கள். சிலி என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் ஹம்போல்ட் நீரோட்டத்து மீன். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் ஆழத்துக் குளிர்ந்த தண்ணீர் மேலே கிளம்பும்போது அடியில் கிடக்கிற சத்தையெல்லாம் தூக்கிக்கொண்டு வருகிறது, அதில் நுண்பாசி பெருகும், அதை நம்பி மீன் பெருகும். அடைமழை நாளில் சந்தைக்குப் போக முடியாமல் வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பிரட்டி எடுக்கிறோமே, அந்த மீன்தான்.

அதை விடுங்கள், நமது கடலுக்கே வருவோம். மேலே 28 பாகை. ஆயிரம் மீற்றர் கீழே போனால் 6, 7 பாகை. 3000 மீற்றருக்கும் கீழே ஏறத்தாழ 2 பாகைதான், வீட்டு பிரிட்ஜை விடக் குளிர். அந்த அடித்தண்ணீர் அண்டாட்டிக்காப் பக்கம் கனத்து மூழ்கி, கடலடியால் மெல்ல மெல்ல வடக்கே ஊர்ந்து வந்தது. பொத்துவில் கடலில் இறங்கி நேரே தெற்கே போனால் அண்டாட்டிக்கா வரைக்கும் ஒரு தீவுகூடக் குறுக்கே வராது.

இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அதனால் ஒரு கண்ணாடி மீன்தொட்டியில் குழாய்த் தண்ணீரை நிரப்பி வைப்பேன். ஐஸில் வைத்த உப்புத் தண்ணீரில் உடுப்புக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து, தொட்டியின் ஓரமாக மெதுவாக ஊற்றுவேன். நீலம் கலங்காமல் அப்படியே கீழே வழுக்கி, தரையில் பாய் விரித்த மாதிரிப் படுத்துக்கொள்ளும். பின்வாங்கில் இருப்பவன்கூட எழும்பி வருவான். முதல் தடவை நான் போன பள்ளிக்கூடத்தில் இது நடக்கவில்லை, பஸ் வழியில் நின்றுவிட்டதால் ஐஸ் முழுக்கக் கரைந்து, வெதுவெதுப்பான நீலத் தண்ணீரைக் காட்டிவிட்டு அசடு வழியத் திரும்பி வந்தேன்.

உறைகிற தண்ணீரில் மீன் உறையாதா? (மாணவி, கல்முனை)

நல்ல கேள்வி, மகள். கடல்நீர் உறைவது சுமார் மைனஸ் 1.9 பாகையில், உப்பு இருப்பதால் சாதாரண தண்ணீரை விடக் கொஞ்சம் தாமதம். மீனின் இரத்தத்தில் அவ்வளவு உப்பு இல்லை, ஆகவே அது முந்தி உறைந்திருக்க வேண்டும். அண்டாட்டிக்க மீன்கள் பலவற்றின் இரத்தத்தில் ஒருவகைப் புரதம் இருக்கிறது. அது பனித்துகளில் ஒட்டிக்கொண்டு துகளை வளரவிடாது.

அங்கே பனிமீன் என்று ஒன்று உண்டு, அதன் இரத்தம் வெள்ளை! இரத்தத்தைச் சிவப்பாக்கி ஒட்சிசனைச் சுமக்கிற ஈமோகுளோபினே கிடையாது. பிறகு எப்படி உயிர் வாழ்கிறது? சோடாவை நினைத்துப் பாருங்கள். குளிராக இருந்தால் காஸ் நிற்கும், சூடானால் போய்விடும். கடலும் அப்படித்தான், குளிர்ந்த தண்ணீரில் ஒட்சிசன் அதிகம் கரைந்து நிற்கும். அந்த மீனுக்கு இரத்தத்தில் அப்படியே கரைகிற ஒட்சிசனே போதும். அதற்காகப் பெரிய இதயமும் நிறைய இரத்தமும் வைத்திருக்கிறது.

கடலுக்கடியில் காடு இருக்கிறது என்று மகன் வந்து சொல்றான். உண்மையா? (ஒரு தாய், களுவாஞ்சிக்குடி)

உண்மை. கெல்ப் என்கிற பழுப்புப் பாசி. மரமில்லை, வேருமில்லை, பாறையைப் பிடித்துக்கொள்ள ஒரு பற்று மட்டும். கலிபோர்னியாப் பக்கத்து இராட்சதக் கெல்ப் 45 மீற்றர் வரை போகும், நமது தென்னை அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. வசதியான காலத்தில் ஒரே நாளில் அரை மீற்றர்கூட வளரும். அதைத் தின்று தீர்ப்பது முள்ளுப்பந்து மாதிரியான கடல் முள்ளெலி, அதைத் தின்பது கடல் நீர்நாய். தோலுக்காக நீர்நாயை வேட்டையாடி அழித்த இடங்களில் முள்ளெலி பெருத்துக் காடு மொட்டையானது. 1911இல் நாடுகள் உடன்படிக்கை செய்து வேட்டையை நிறுத்தின. நீர்நாய் திரும்பிய இடங்களில் காடும் திரும்பியது.

குளிர்கடலிலும் முருகைக்கல் உண்டா? (வாசகர், ஆரையம்பதி)

உண்டு. நோர்வேக்கு அப்பால் 300, 400 மீற்றர் ஆழத்தில், வெளிச்சமே இல்லாத இடத்தில், சுமார் 35 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு திட்டு கிடக்கிறது. 2002இல்தான் கண்டுபிடித்தார்கள்.

கடல் சூடானால் குளிர்கடல் மீனுக்கு என்ன ஆகும்? நானும் தொழிலாளிதான். (வாசகர், பொத்துவில்)

காக்கா, இதற்கு ஒரு நெத்தலிக் கதை இருக்கிறது. 1970இல் பெரு நாட்டுக்காரர் சுமார் 1 கோடி 20 இலட்சம் தொன் நெத்தலி பிடித்தார்கள். அளவுக்கு மிஞ்சின பிடிப்பு. 1972இல் எல் நினோ, அதாவது சில வருடங்களுக்கு ஒருமுறை அந்தக் கடல் சூடாகும் காலம், வந்து சூடான தண்ணீர் மேலே மூடிக்கொள்ள, கீழிருந்து சத்து வருவது குறைந்தது. அடுத்த வருடம் பிடிபட்டது அதில் ஒரு சிறு பங்குதான். பழைய நிலைக்கு வரப் பல வருடம் எடுத்தது. சூடு மட்டும் வந்திருந்தால் மீன் சமாளித்திருக்கும் என்பது என் எண்ணம், வலையும் சேர்ந்ததுதான் அடி.

டீச்சர், நீங்க குளிர்கடலைக் கண்டிருக்கீங்களா? (7ஆம் வகுப்பு மாணவன், காத்தான்குடி)

இல்லை, தம்பி. மார்கழி வாடைக்கு ஒருநாள் விடியச் சாமம் கல்லடிக் கடலில் இறங்கினேன். அன்றைக்கு அது 26, 27 பாகை இருந்திருக்கும். அதற்கே பல் கிட்டிப்போய், கரைக்கு வந்து ஒரு பிளேன்டீ குடித்தபிறகுதான் வாய் திறந்தது.