வாயிற்கதவில் தெரியும் அரசியல்

அன்புள்ள ஐயா,

ஐரோப்பியக் கால்பந்து ரசிகர் குழுக்களைப் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். மூன்று சந்தேகங்கள். விளையாட்டில் அரசியலைக் கலக்கக்கூடாது என்கிறார்கள், கத்தார் உலகக்கோப்பையின்போது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவும் அதையேதான் சொன்னது. அது நடக்கிற காரியமா? இரண்டாவது, இந்த 'அல்ட்ராஸ்' என்பவர்கள் யார்? எகிப்தில் புரட்சி செய்தவர்கள் என்று ஒரு பக்கம் எழுதுகிறார்கள், டிவியில் பார்த்தால் தீப்பந்தம் கொளுத்தும் ரௌடிகளாகத் தெரிகிறார்கள். மூன்றாவது, ஒரு கால்பந்தாட்டத்தால் இரண்டு நாடுகள் போருக்கே போனதாகப் படித்தேன். உண்மையா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

ஃபிஃபாவின் நடுநிலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள 2022 பிப்ரவரியின் கடைசி இரண்டு நாட்கள் போதும். ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது 24ஆம் தேதி. 27ஆம் தேதி ஃபிஃபா ஒரு முடிவை அறிவித்தது: ரஷ்ய அணி ஆடலாம், ஆனால் பொதுவான நாட்டில், கொடியும் தேசிய கீதமும் இல்லாமல், 'ரஷ்யக் கால்பந்து ஒன்றியம்' என்ற பெயரில். தகுதிச் சுற்றில் ரஷ்யாவைச் சந்திக்க வேண்டிய போலந்தும், அடுத்து சந்திக்க நேரக்கூடிய ஸ்வீடனும் செக் நாடும், எந்தப் பெயரில் வந்தாலும் அவர்களோடு ஆட மாட்டோம் என்றுவிட்டன. மறுநாளே ரஷ்யாவுக்குத் தடை. எதிரணி களமிறங்க மறுத்தால் அட்டவணையே கவிழும், தடைக்குப் பின்னால் இருந்த கணக்கு அதுதான் என்பது என் எண்ணம். அதே ஆண்டு நவம்பரில் கத்தாரில் ஏழு ஐரோப்பிய கேப்டன்கள் பாரபட்சத்துக்கு எதிரான 'ஒன் லவ்' கைப்பட்டை அணிய விரும்பினார்கள். அணிந்தால் மஞ்சள் அட்டை என்றது ஃபிஃபா. முதல் நிமிடத்திலேயே ஒரு மஞ்சள் வாங்கிய கேப்டன், இரண்டாவது வாங்கினால் வெளியேற வேண்டும் என்பதால், ஆட்டம் முழுக்கக் காலை நீட்டவே பயப்பட வேண்டியிருக்கும். ஏழு அணிகளும் பட்டையைக் கைவிட்டன. ஆட மறுத்தவர்கள் ஜெயித்தார்கள், பட்டை கட்ட நினைத்தவர்கள் தோற்றார்கள்.

கொடி, பட்டை, முழக்கம் எல்லாம் கேமராவுக்குத் தெரிகிற அரசியல். அதைவிடக் கனமான அரசியல் மைதானத்தின் வாசலில் நடக்கிறது. கதவை யார் திறக்கிறார்கள், உள்ளே போகிறவனிடம் என்ன அட்டை கேட்கிறார்கள், கிளப்பில் யாருக்கு ஓட்டு. என் பதில் முழுக்க இந்த வாசலைச் சுற்றித்தான் வரும்.

1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தில் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டும் மோதும் எஃப்ஏ கோப்பை அரையிறுதி. லெப்பிங்ஸ் லேன் பக்கம் நின்று பார்க்கும் கேலரிக்கு 10,100 டிக்கெட். அவர்கள் நுழைய ஒதுக்கியிருந்த சுழற்கதவுகள் ஏழு. ஒரு சுழற்கதவு வழியே மணிக்கு அதிகபட்சம் 750 பேர் போகலாம் என்பது அன்றைய பாதுகாப்புக் கையேட்டின் கணக்கு. ஏழுக்கும் சேர்த்து மணிக்கு 5,250. அதாவது எல்லோரும் உள்ளே போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வேண்டும். ஆட்டம் மூன்று மணிக்கு. இரண்டரை மணிக்குப் பாதிப் பேர்கூட உள்ளே போயிருக்கவில்லை. வெளியே நெரிசல் முற்றியதும் 2:52க்குப் போலீஸ் 'சி' என்ற பெரிய வெளியேறும் கதவைத் திறந்துவிட்டது. ஐந்தே நிமிடத்தில் சுமார் 2,000 பேர் உள்ளே.

கதவைத் திறந்தது தவிர்க்க முடியாததாகக்கூட இருந்திருக்கலாம். பிழை அடுத்த அடியில். உள்ளே வந்தவர்களுக்கு நேர் எதிரே ஒரு சுரங்கவழி. அது சரிவாக இறங்கி கேலரியைக் கம்பியால் பிரித்த கூண்டுகளில் மூன்றாம், நான்காம் கூண்டுகளுக்குள் போய் முடிகிறது. அந்த இரண்டும் ஏற்கெனவே நிரம்பி வழிந்தன. பக்கவாட்டுக் கூண்டுகளில் இடம் இருந்தது, ஆனால் சுரங்கவழியின் வாயை மறித்து ஆட்களை அங்கே திருப்பிவிட யாரையும் நிறுத்தவில்லை. முன்வரிசைக்கும் புல்தரைக்கும் நடுவே இரும்பு வேலி, அதில் சிறிய கதவுகள். பின்னால் வருகிறவனுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. எல்லா நெரிசல் சாவிலும் இதுதான் கதை: தள்ளுகிறவன் தள்ளுவதாகவே நினைப்பதில்லை. 3:06க்கு ஆட்டத்தை நிறுத்தினார்கள். இறந்தவர்கள் 97 பேர். கடைசி ஆள் 32 ஆண்டுகள் கழித்து, 2021இல், அன்றைய காயத்தின் விளைவாக இறந்தார்.

வேலி எதற்காக அங்கே இருந்தது? ரசிகன் என்றால் கலவரக்காரன் என்று அரசு முடிவு கட்டியிருந்ததால். அந்த எண்ணம் சம்பவத்துக்குப் பிறகும் வேலை செய்தது. ரசிகர்கள்தான் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தார்கள் என்று போலீஸ் அதிகாரி அன்றே சொன்னார், நான்கு நாளில் 'தி சன்' பத்திரிகை ரசிகர்கள்மீது பழிபோட்டு முதல் பக்கம் வெளியிட்டது. அது சட்டவிரோதமான கொலை, ரசிகர்களின் நடத்தை அதற்குக் காரணமில்லை என்று ஒரு ஜூரி சொல்ல 2016 வரை ஆனது. லிவர்பூலில் இன்றும் பலர் அந்தப் பத்திரிகையைத் தொடுவதில்லை.

இதே தவறு 33 ஆண்டுகள் கழித்து இந்தோனேசியாவின் மலாங் நகரில் நடந்தது. 2022 அக்டோபர் 1, காஞ்சுருஹான் மைதானம். இரு தரப்பு ரசிகர்கள் மோதிக்கொண்டார்கள் என்றுதான் முதலில் செய்தி ஓடியது. உள்ளே எதிரணி ரசிகர்களே இல்லை, அவர்களுக்கு டிக்கெட் தரப்படவில்லை. உள்ளூர் அணி தோற்ற ஆத்திரத்தில் சிலர் களத்தில் இறங்கியதும் போலீஸ் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசியது, கேலரியை நோக்கியும். ஃபிஃபாவின் பாதுகாப்பு விதி மைதானத்துக்குள் அந்தப் புகையைத் தடை செய்கிறது. காரணம் எளியது. தெருவில் புகை விழுந்தால் கூட்டம் நாலா பக்கமும் கலையும், கேலரியில் விழுந்தால் எல்லோரும் ஒரே கதவுக்கு ஓடுவார்கள். 135 பேர் இறந்தார்கள்.

இனி அட்டைக்கு வருகிறேன். ஹில்ஸ்பரோ நடந்தபோது தாட்சர் அரசு ஒவ்வொரு ரசிகனுக்கும் அடையாள அட்டை கட்டாயமாக்கும் சட்டத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. வாசலில் அட்டையைச் சரிபார்த்தால் வரிசை இன்னும் மெதுவாகும், நெரிசல் இன்னும் கூடும். ஹில்ஸ்பரோவை விசாரித்த நீதிபதி லார்ட் டெய்லரின் இறுதி அறிக்கை 1990 ஜனவரியில் அந்தத் திட்டத்தை ஏற்காததும் அரசு அதைக் கைவிட்டது. அந்த எண்ணம் மட்டும் வேறு நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இத்தாலியில் 'டெஸ்ஸெரா தெல் டிஃபோசோ' என்ற ரசிகர் அட்டை. துருக்கியில் 2014 முதல் 'பாசோலிக்', அது இன்னும் சுவாரசியமானது. குடிமகன் அடையாள எண்ணோடு இணைந்த அந்த அட்டை ஒரு தனியார் வங்கி தரும் பண அட்டையும்கூட. வங்கியின் தாய் நிறுவனத்தை 2013 வரை நடத்தியவர் அன்றைய பிரதமர் எர்துவானின் மருமகன். அட்டை வருவதற்கு முந்தைய ஆண்டுதான், அரசுக்கு எதிரான 2013 கெசி பூங்காப் போராட்டத்தில், பெஷிக்டாஷ் அணியின் 'சார்ஷி' ரசிகர் குழு முன்வரிசையில் நின்றது. அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாக அக்குழுவைச் சேர்ந்த 35 பேர்மீது வழக்குப் போட்டார்கள். வன்முறையைத் தடுக்கத்தான் அட்டை என்றது அரசு. எந்த இருக்கையில் யார் உட்கார்ந்து என்ன கோஷம் போட்டான் என்பதும் அதில் தெரிந்துவிடும் என்பதை ரசிகர்கள் உடனே புரிந்துகொண்டு மைதானத்தைப் புறக்கணித்தார்கள். கேலரிகள் காலியாயின.

போராட்டக் களத்தில் 'அல்ட்ராஸ்' என்னும் தீவிர ரசிகர் குழுக்கள் ஏன் இப்படி முன்னுக்கு வருகின்றன என்பதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஒரு டிஃபோ எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். ஆட்டம் தொடங்கும்முன் கேலரி முழுக்க ஒரே படமாக விரியுமே, அதுதான். முதலில் இருக்கை வரைபடம் வாங்கி, ஒவ்வொரு இருக்கையையும் ஒரு புள்ளியாக வைத்துக் கட்டம் போடுவார்கள். எந்த வரிசையில் எந்த எண்ணுக்கு எந்த நிற அட்டை என்று பட்டியல் வரும். முதல்நாள் இரவோ அன்று காலையோ ஆட்கள் போய் ஆயிரக்கணக்கான அட்டைகளை இருக்கைகளில் ஒட்டுவார்கள், சும்மா வைத்தால் காற்றில் போய்விடும். எப்போது தூக்க வேண்டும், எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும் என்று துண்டுச்சீட்டு. கீழே வேலியருகே களத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும் 'காப்போ' மெகாஃபோனில் சைகை தருவான் (தொண்ணூறு நிமிடமும் ஆட்டத்தைப் பார்க்காமல் ரசிகர்களையே பார்த்து நிற்கிற ரசிகன் அவன்). ஒரு வரிசையில் ஓர் இருக்கை தள்ளி ஒட்டிவிட்டால் அந்த வரிசை முழுக்க எழுத்து சாய்ந்துவிடும். நடைபாதை எழுத்தின் நடுவே விழுந்தால் வார்த்தை இரண்டாகும். தாமதமாக வருகிறவனின் இருக்கை ஓட்டையாகத் தெரியும். அட்டையைத் தூக்குவதற்குப் பதில் திரும்பி நின்று செல்போனில் படம் எடுப்பவன் இன்னொரு ஓட்டை. துணி என்றால் பெரிய கூடத்தின் தரையில் விரித்து, புரொஜெக்டரில் கோடு வரைந்து, வாரக்கணக்கில் வண்ணம் தீட்ட வேண்டும். ஜெர்மனியில் எளிதில் தீப்பற்றாத துணி என்ற சான்றும் காட்ட வேண்டும். விரித்த துணிக்கு அடியில்தான் முகமூடி மாட்டிக்கொண்டு தீப்பந்தம் பற்ற வைப்பார்கள் என்பது போலீஸுக்கும் தெரியும்.

பணம் வசூலிக்க, ரகசியம் காக்க, ஆயிரம் பேரை ஒரே நொடியில் அசைக்க, போலீஸ் வந்தால் சிதறிப் பிறகு சேரத் தெரிந்த இளைஞர் கூட்டம் ஒரு சர்வாதிகாரத்தில் வேறெங்கே கிடைக்கும்? கெய்ரோவில் அல் அஹ்லி, ஜமாலெக் இரு அணிகளின் அல்ட்ராஸும் 2007இல் உருவானவை. 2011 ஜனவரியில் புரட்சி தொடங்குவதற்குள் போலீஸோடு மோதி நான்கு வருடப் பழக்கம் அவர்களுக்கு இருந்தது. தஹ்ரீர் சதுக்கத்தில் அது உதவியது. அதிபர் முபாரக்கைக் கவிழ்த்ததே அவர்கள்தான் என்பது மிகை. ஓர் ஆண்டு கழித்து, 2012 பிப்ரவரி 1, போர்ட் சயீத் மைதானத்தில் ஆட்டம் முடிந்ததும் அஹ்லி ரசிகர்கள் தாக்கப்பட்டார்கள், 70க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விளக்குகள் அணைந்தன, வெளியேறும் கதவு பூட்டியிருந்தது. 2015இல் கெய்ரோவில் கம்பிக்கூண்டு போன்ற குறுகிய நுழைவழியில் அடைபட்ட ஜமாலெக் ரசிகர்கள்மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டு இன்னும் சுமார் 20 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு நீதிமன்றம் அல்ட்ராஸ் குழுக்களையே தடை செய்தது. மறுபடியும் கதவு.

ரௌடிகளா என்று கேட்டால், பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பேன். கழுத்துத்துண்டும் ஸ்டிக்கரும் விற்றுத் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொண்டு, கிளப் கொடுக்கும் காசை மறுக்கும் குழுக்கள் உண்டு. அர்ஜென்டினாவின் 'பர்ரா பிராவா' ரசிகர் கும்பல்கள் வேறு ரகம். நிர்வாகிகளிடம் ஓசி டிக்கெட் வாங்கி வெளியே விற்பது, மைதானத்தைச் சுற்றி வண்டி நிறுத்தக் காசு பறிப்பது, தேர்தல் நேரத்தில் அரசியல்வாதிக்கு அடியாள் வேலை. 2013இல் வெளியூர் ரசிகர்களைத் தடை செய்தும் அங்கே கொலைகள் ஓயவில்லை. பங்குத் தகராறு ஒரே அணிக்காரர்களுக்குள்ளேயே நடக்கிறது.

ரசிகர்கள் கண்ணுக்கு முன்னால் ஜெயித்த இடம் ஜெர்மனி. அங்கே கிளப்பை நிறுவனமாக்கினாலும் ரசிகர்கள் உறுப்பினர்களாக உள்ள தாய்ச் சங்கத்துக்குப் பாதிக்கு மேல் ஒரு ஓட்டாவது இருக்க வேண்டும், 1998இல் வந்த '50+1' விதி இது. 2023 டிசம்பரில் லீக்கின் ஒளிபரப்பு வருமானத்தில் அதிகபட்சம் 8 சதவீதத்தை 20 ஆண்டுகளுக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குச் சுமார் 100 கோடி யூரோவுக்குத் தருவதா என்று 36 கிளப்புகள் ரகசிய ஓட்டுப் போட்டன. தேவை 24, விழுந்ததும் 24. ஹானோவர் கிளப்பின் பிரதிநிதிக்கு 'வேண்டாம்' என்று ஓட்டுப் போடச் சொல்லி அவருடைய சங்கம் உத்தரவிட்டிருந்தது. அவர் மாற்றிப் போட்டார் என்பதே எல்லோருடைய சந்தேகமும்.

ரசிகர்கள் தீப்பந்தத்தை விட்டுவிட்டு டென்னிஸ் பந்தை எடுத்தார்கள். நல்ல தேர்வு. யாருக்கும் காயம் படாது, சட்டைப்பையில் அடங்கும், பச்சைத் தரையில் பளிச்சென்று தெரியும். உருண்டு சிதறுவதால் பொறுக்க நிமிடக்கணக்கில் ஆகும், அதுவரை ரெஃபரி ஆட்டத்தைத் தொடங்க முடியாது. பொறுக்கி முடித்ததும் அடுத்த கைப்பிடி விழும். தங்கக்காசு போலச் செய்த சாக்லேட்டும் விழுந்தது. ஒளிபரப்பாளர் காசு கொடுத்து வாங்கிய நேரத்தில் ஆட்டம் இல்லை என்பதுதான் அடி. பல கிளப்புகளே மறு ஓட்டெடுப்பு கேட்கத் தொடங்கின, ஏனென்றால் கிளப் தலைவர்கள் சங்க உறுப்பினர்கள் முன்னால் போய் நின்றாக வேண்டியவர்கள். 2024 பிப்ரவரி 21 அன்று லீக் திட்டத்தைக் கைவிட்டது. கெய்ரோ ரசிகனுக்கும் டார்ட்மண்ட் ரசிகனுக்கும் துணிச்சலில் வித்தியாசம் இல்லை, ஒருவனிடம் ஓட்டு இருந்தது. அந்த விதியிலும் ஓட்டை இருக்கிறது: லைப்சிக் கிளப்பில் ஓட்டுரிமையுள்ள உறுப்பினர்கள் வெகு சிலரே, புதியவரைச் சேர்ப்பதும் கிளப்பின் இஷ்டம்.

போர்க் கதை பாதி உண்மை. 1969 ஜூனில் ஹோண்டுராஸும் எல் சால்வடாரும் உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றில் மூன்று முறை மோதின, மூன்றாவதை மெக்சிகோ நகரில் எல் சால்வடார் 3-2 என்று வென்றது. ஜூலை 14 அன்று போர், நூறு மணி நேரம் போல. ஆனால் அதற்கு முன்பே ஹோண்டுராஸ் நிலச் சீர்திருத்தம் என்ற பெயரில், அங்கே குடியேறியிருந்த சுமார் மூன்று லட்சம் சால்வடார்காரர்களில் பலரை நிலத்தைவிட்டு விரட்டத் தொடங்கியிருந்தது. ஆட்டங்களின்போது பத்திரிகைகள் ஊதிவிட்டது அந்தத் தணலைத்தான். திரும்பி வந்த விவசாயிகளுக்கு எல் சால்வடாரிலும் நிலம் இல்லை. பத்து ஆண்டு கழித்து அங்கே மூண்ட உள்நாட்டுப் போருக்கு அந்த நிலப் பசியும் ஒரு காரணம்.