டைஹைட்ரோடெரோயேட் சின்தேஸ் என்றால் என்ன? சல்ஃபா மருந்துகள் அதை ஏன் குறிவைக்கின்றன?

பாக்டீரியாக்கள் ஃபோலேட் என்னும் பி9 வைட்டமினைத் தயாரிக்கப் பயன்படுத்தும் நொதி இது. நொதி என்பது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். இந்த நொதி 'பாபா' எனப்படும் பாரா அமினோ பென்சாயிக் அமிலத்தை இன்னொரு மூலக்கூறுடன் இணைக்கிறது. அதிலிருந்து அடுத்தடுத்த படிகளில் ஃபோலேட் உருவாகிறது.

ஃபோலேட் இல்லாமல் டிஎன்ஏவின் கட்டுமானப் பொருள்களை உருவாக்க முடியாது. செல் பெருகவும் முடியாது. நமக்கு அது உணவிலிருந்து கிடைக்கிறது. பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கோ வெளியிலுள்ள ஃபோலேட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும் வசதி கிடையாது. தாமே தயாரித்தாக வேண்டும்.

பாக்டீரியாத் தொற்றுகளுக்கு எதிராக 1930களில் புழக்கத்துக்கு வந்த சல்ஃபா மருந்துகள் வேலை செய்வது இந்த இடத்தில்தான். அவை வடிவத்தில் பாபாவைப் போலவே இருப்பதால், நொதியில் அதற்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஒரே நாற்காலிக்கு இருவர் போட்டியிடுவதைப் போன்றது இது: மருந்து உட்கார்ந்திருக்கும்வரை பாபா வெளியே நிற்க வேண்டியதுதான். பாபாவின் அளவைக் கூட்டினால் மருந்தின் பலம் குறைவதை விஞ்ஞானி டொனால்ட் வுட்ஸ் 1940இல் காட்டினார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி அந்தச் சோதனைதான். அவ்வளவு எளிமை, அவ்வளவு தெளிவு. நொதியின் அமைப்பு சற்றே மாறிய பாக்டீரியாக்கள் மருந்துக்கு அசைவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சல்ஃபா மருந்து நம் உடலின் ஃபோலேட் தயாரிப்பையும் நிறுத்திவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நம் செல்கள் ஃபோலேட்டைத் தயாரிப்பதே இல்லை, இந்த நொதியும் அவற்றில் இல்லை.