தன்னார்வச் சேவை இலவசம்தானே, நிதி குறைந்தால் ஏன் நிற்கிறது?

பார்வைத்திறன் குறைந்தவர்களுக்குத் தேர்வில் சொல்வதை எழுதித் தருவது, பாடநூல்களை ஒலிப்பதிவு செய்வது, வெள்ளைக் கோலுடன் தனியே நடக்கப் பயிற்றுவிப்பது போன்றவற்றை ஊதியம் பெறாதவர்கள் செய்வதையே தன்னார்வ உதவிச் சேவை என்கிறோம். உழைப்புதான் இலவசம், அதைச் சுற்றியுள்ளவை இலவசமல்ல. சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் கூழ் ஊற்றுபவர் கூலி கேட்பதில்லை, ஆனால் கேழ்வரகையும் விறகையும் யாரோ விலை கொடுத்துத்தான் வாங்குகிறார்கள்.

விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தின் புள்ளிகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டுமானால் தடித்த தாள் தேவை. அச்சில் ஒரு பக்கமாக இருப்பது அதில் பல பக்கங்களாக விரியும். ஏற்காட்டில் வசிக்கும் மாணவரின் தேர்வுக்கு எழுதித் தருபவரைத் தேடிப் பிடித்து, அவர் கடைசி நேரத்தில் வர இயலாவிட்டால் வேறொருவரை மலைக்கு அனுப்பிவைக்கும் ஒருங்கிணைப்பாளருக்குச் சம்பளம் தந்தாக வேண்டும். நிதி குறையும்போது முதலில் நீக்கப்படுபவர் பெரும்பாலும் இவரே என்பதுதான் என் வருத்தம்.

நிதி ஏன் குறைகிறது? பெரிய நிறுவனங்கள் சமூகப் பணிகளுக்குச் சட்டப்படி செலவிட வேண்டிய சமூகப் பொறுப்பு நிதி, முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதம் என்பதால், இலாபம் சரிந்தால் அதுவும் சரியும். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமானது.

செல்போனே படித்துக் காட்டுவதால் இத்தகைய சேவை இனி வேண்டாம் என்று பலர் நினைப்பது தவறு. பொதுத்தேர்வு அறைக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது.